தேற்றாங்கொட்டைக்குச் சான்று தேடிய ஆறு வாரம்

எங்கள் அப்பத்தா புதுப்பானை வாங்கினால் முதல் வேலையாகத் தேற்றாங்கொட்டையை எடுத்து உள்பக்கம் முழுக்கத் தேய்ப்பார். ஊருணித் தண்ணீர் செம்மண் கரைசலாக இருக்கும். இராத்திரி அந்தப் பானையில் ஊற்றி வைத்தால் காலையில் வண்டல் அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்ததால், எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு புராஜெக்டுக்கு என்ன தலைப்பு என்று சார் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. ஊருணித் தண்ணீரின் கலங்கலைத் தேற்றாங்கொட்டையாலும் முருங்கை விதையாலும் குறைத்துப் பார்ப்பது, இரண்டையும் படிகாரத்தோடு ஒப்பிடுவது. சார் உடனே சரி என்றார். "ஆனா சோதனைக்கு முன்னாடி லிட்டரேச்சர் ரிவ்யூ. பியர் ரிவ்யூ ஆன கட்டுரைகளா பார்த்து எடுத்துட்டு வாம்மா."

அந்த ஒரு வாக்கியத்தைச் செய்து முடிக்க, அதாவது இதே விஷயத்தில் முன்பு வந்த ஆய்வுகளைத் தேடிச் சேர்க்க, ஆறு வாரம் ஆனது. ஜார் டெஸ்டுக்குக்கூட (பல குடுவைத் தண்ணீரில் தெளிவூட்டியை வெவ்வேறு அளவில் போட்டுப் பார்க்கும் சோதனை) அத்தனை நாள் ஆகவில்லை. எது மதிப்பாய்வு (பியர் ரிவ்யூ) செய்யப்பட்ட கட்டுரை, எது அப்படித் தோன்றுவது மட்டும் என்பதை எங்களுக்கு யாரும் வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. அடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நான் செய்ததை, தவறியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் இரவு, 26 கட்டுரைகள்

முதல் நாள் இரவே, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து, ஆங்கிலத்தில் 'முருங்கை விதை, தண்ணீர் சுத்திகரிப்பு' என்று தட்டினேன். பக்கம் பக்கமாக வந்தது. இடது ஓரத்தில் 'ரிவ்யூ ஆர்டிக்கிள்ஸ்' என்று ஒரு தெரிவு இருக்கும். அதை அழுத்தினால் பியர் ரிவ்யூ ஆனவை மட்டும் வடிகட்டி வரும் என்று நினைத்து அழுத்தினேன். சில தேடல்களை அதோடும் சிலவற்றை அது இல்லாமலும் செய்து, 26 பி.டி.எஃப் கோப்புகளை இறக்கி, அச்செடுத்து, மறுநாள் சார் மேசையில் வைத்தேன்.

சார் ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி, எழுதினவங்களைத் தவிர இந்தத் துறை தெரிஞ்ச வேற ஆள் இதைப் படிச்சுக் கேள்வி கேட்டாங்களா? எந்தெந்தக் கட்டுரைக்குக் கேட்டாங்கன்னு உன்னால சொல்ல முடியுமா?"

ஒன்றுக்குக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று சார் விளக்கியதிலிருந்துதான் எனக்கு இது பிடிபட்டது. ஆய்வாளர் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார். ஆசிரியர் குழு அதைப் பார்த்துவிட்டு, அதே துறையில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறது. பெரும்பாலும் அவர்கள் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. மாதிரி எத்தனை, கட்டுப்பாட்டுச் சோதனை எங்கே, இந்த எண் எப்படி வந்தது என்று அவர்கள் கேட்பார்கள். எழுதியவர் பதில் சொல்லித் திருத்த வேண்டும், இல்லையென்றால் கட்டுரை திரும்பி வரும். இதைத் தாண்டி வந்த கட்டுரையும் தவறாக இருக்கலாம். ஆனால் அதை விஷயம் தெரிந்தவர்கள் ஒருமுறை உலுக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

நான் அழுத்திய 'ரிவ்யூ ஆர்டிக்கிள்' வேறு விஷயம். அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதுகிற கட்டுரைக்கு அந்தப் பெயர். தமிழில் சொன்னால் ஒன்று 'மதிப்பாய்வு செய்யப்பட்டது', மற்றது 'தொகுப்பாய்வு'. நல்ல இதழில் வந்த தொகுப்பாய்வும் மதிப்பாய்வைத் தாண்டித்தான் வரும். ஆனால் அந்தப் பொத்தான் மதிப்பாய்வு ஆனதா இல்லையா என்று பிரித்துத் தருவதே இல்லை. அப்படிப் பிரிக்கும் வசதி கூகுள் ஸ்காலரில் கிடையாது. ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், முன்வரைவு, புத்தகம் எல்லாம் ஒரே வரிசையில் ஒரே எழுத்துருவில் வந்து நிற்கும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இதே தவறைச் செய்திருந்தார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நோட்டில் கோடு போட்டது

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, 26க்கும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கினேன். முதல் வேலை, ஒவ்வொன்றும் என்ன வகை என்று எழுதுவது.

நான்கு, வெறும் இணையக் கட்டுரைகள். பி.டி.எஃப் வடிவில் இருந்ததால் ஆய்வுக் கட்டுரை என்று எண்ணிவிட்டேன். மூன்று, சோத்கங்கா களஞ்சியத்திலிருந்து எடுத்த முனைவர் பட்ட ஆய்வேடுகள். ஆய்வேட்டை வெளித் தேர்வாளர்கள் படித்து வாய்மொழித் தேர்வும் நடத்துகிறார்கள் என்றாலும், அது ஆய்விதழ் மதிப்பாய்வுக்குச் சமமாகாது. ஆனால் ஆய்வேட்டின் பின்பக்கம் உள்ள நூற்பட்டியல் பெரிய உதவி, அதைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு, மாநாட்டுச் சுருக்கங்கள். ஒன்று, இன்னும் மதிப்பாய்வுக்கே போகாத முன்வரைவு. முதல் பக்கத்தின் மேலே அப்படியே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஒன்று, நூலில் ஓர் அத்தியாயம்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. சமியா அல் அசாரியா யான் என்ற ஆய்வாளர் சூடானில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, இயற்கையான தெளிவூட்டிகளைக் கிராமங்களில் பயன்படுத்துவது பற்றி எழுதிய கையேடு. ஜெர்மனியின் ஜி.டி.இசட் என்ற வளர்ச்சி உதவி அமைப்பு 1986ல் வெளியிட்டது. களத்தில் நின்று எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் அது ஒரு நிறுவனம் தானே போட்ட கையேடு, ஆய்விதழ் கட்டுரை இல்லை. அதே ஆய்வாளர் 1988ல் அமெரிக்க நீர்ப்பணிச் சங்கத்தின் இதழில் முருங்கை விதை பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்று பிறகு கண்டுபிடித்தேன். சார் சொன்னது இதுதான்: "கையேட்டைப் படி, செய்முறைக்கு எடுத்துக்கோ. ஆனா 'ஆய்வு இப்படிச் சொல்லுது'ன்னு எழுதுற இடத்துல இதழ்க் கட்டுரையைக் காட்டு." மதிப்பாய்வு ஆகாதது எல்லாம் குப்பை என்று அர்த்தம் இல்லை. எதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

இவை 12 போக, ஆய்விதழ்க் கட்டுரைகள் என்று மிஞ்சியவை 14.

கட்டுரையை விட்டு வெளியே போய்ப் பார்ப்பது

இந்த 14ஐத்தான் இரண்டாவது, மூன்றாவது வாரம் முழுக்கப் பார்த்தேன். கட்டுரையை வைத்துக்கொண்டே அது மதிப்பாய்வு ஆனதா என்று கண்டுபிடிக்க முயன்றதுதான் நான் முதலில் செய்த தப்பு. இரண்டு பத்தி அமைப்பு, சுருக்கம், அட்டவணை, மேற்கோள் பட்டியல் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் அச்சு அசலாகச் செய்துவிடலாம். கட்டுரையை மூடிவிட்டு, அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அந்த வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் ஐ.எஸ்.எஸ்.என். எண். ஒவ்வோர் இதழுக்கும் எட்டு இலக்க எண் உண்டு, அதன் கடைசி இலக்கம் கணக்குப் பார்க்க வைத்தது. 'வாட்டர் ரிசர்ச்' இதழின் எண் 0043-1354. முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 0, 0, 24, 15, 4, 9, 10, மொத்தம் 62. அதை 11ஆல் வகுத்தால் மீதி 7. 11இலிருந்து 7ஐக் கழித்தால் 4. கடைசி இலக்கமும் 4. சரியாக வந்தது. (கழித்து 10 வந்தால் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து இருக்கும்.) 14 இதழ்களுக்கும் கணக்குப் போட்டேன். ஒரு இதழின் எண்ணில் கணக்கே உதைத்தது. அப்படி ஓர் எண் இருக்கவே முடியாது.

இன்னோர் இதழில் கணக்கு சரியாக வந்தது. ஆனால் சர்வதேச ஐ.எஸ்.எஸ்.என். தளத்தில் அந்த எண்ணைத் தேடினால், வேறு நாட்டில் வேறு பெயரில் வெளிவரும் இதழ் வந்து நின்றது. இரவல் எண். அந்த இதழின் தளத்துக்குள் போனேன். வேதியியல், செவிலியம், தமிழ் இலக்கியம், கட்டடப் பொறியியல் எல்லாவற்றுக்கும் ஒரே இதழ். மூன்று நாளில் ஏற்புக் கடிதம் தருவோம் என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். 'இம்பாக்ட் ஃபேக்டர்' (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) என்று பெரிதாக ஓர் எண். அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தருவது கிளாரிவேட் நிறுவனத்தின் 'ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ்'. இவர்கள் காட்டியது யாரோ பெயர் தெரியாதவர் கொடுத்தது. ஆசிரியர் குழுவில் பெயர்கள் இருந்தன, எந்தப் பல்கலைக்கழகம் என்று இல்லை. எனக்கு வயிறு கலங்கியது, ஏனென்றால் என் முன்னுரையின் முதல் பத்தியையே அந்தக் கட்டுரையை நம்பித்தான் எழுதி வைத்திருந்தேன்.

ஐ.எஸ்.எஸ்.என். சரியாக இருந்தால் நல்ல இதழ் என்றும் ஆகாது. அது வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி, ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியுமா என்று அது சொல்லாது. 10. என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண்ணும் அப்படித்தான். கட்டுரையை நிரந்தரமாகக் கண்டுபிடிக்க உதவும் முகவரி அது, அவ்வளவே.

எது சொல்லும் என்றால், நான் கண்டவரை, மூன்று இடங்கள். இதழின் தளத்தில் ஆசிரியர்களுக்கான குறிப்புகள் என்ற பக்கத்தில் மதிப்பாய்வு எப்படி நடக்கிறது என்று விவரமாக எழுதியிருக்கும். வெறுமனே 'நாங்கள் பியர் ரிவ்யூ செய்கிறோம்' என்று ஒரு வரி போதாது. இரண்டாவது, கட்டுரையின் முதல் பக்க அடியிலோ கடைசியிலோ இருக்கும் தேதிகள்: பெற்றது, திருத்தி வந்தது, ஏற்றது. பெற்றதற்கும் ஏற்றதற்கும் நடுவே மாதக்கணக்கு ஓடியிருந்தால், நடுவில் யாரோ படித்திருக்கிறார்கள் என்று நம்ப இடம் உண்டு. அந்த இரவல் எண் இதழில் 3ஆம் தேதி பெற்று 5ஆம் தேதி ஏற்றிருந்தார்கள். மூன்றாவது, வெளியில் இருந்து பார்ப்பவர்கள் அந்த இதழைச் சேர்த்திருக்கிறார்களா என்பது: தேர்ந்தெடுத்த இதழ்களைப் பதியும் தரவுத்தளங்களான ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், மருத்துவம் சார்ந்ததென்றால் மெட்லைன், திறந்த அணுக்க இதழ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது) என்றால் டி.ஓ.ஏ.ஜே. பட்டியல். ஸ்கோபஸுக்குச் சந்தா இல்லாவிட்டாலும் இதழின் பெயரைப் போட்டுத் தேடுகிற பக்கம் இலவசம். இதழின் தளமே 'நாங்கள் ஸ்கோபஸில் இருக்கிறோம்' என்று சொல்வதை நம்பாமல், அங்கே போய்த் தேடிப் பார்க்க வேண்டும்.

14இல் ஐந்து இதில் விழுந்தன. ஆறாவதாக ஒன்று நல்ல இதழில் வந்ததுதான், ஆனால் அது ஆசிரியருக்கு எழுதிய கடிதம். இது முக்கியம். இதழ் மதிப்பாய்வு இதழாக இருக்கும், ஆனால் அதில் வரும் தலையங்கம், கடிதம், புத்தக விமர்சனம் எல்லாம் மதிப்பாய்வுக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. சில தரவுத்தளங்களில் 'பியர் ரிவியூட்' என்று டிக் செய்யும் கட்டம் இருக்கும், அதுவும் இதழைத்தான் பார்க்கும், தனிக் கட்டுரையை அல்ல. ஏழாவது ஒரு தொகுப்பாய்வு. அதைத் தனியாக வைத்துக்கொண்டேன். மீதி ஏழு தேறின.

பட்டியலை நம்பலாமா

"யூ.ஜி.சி. லிஸ்ட்ல இருந்தா போதும், இவ்வளவு எதுக்கு அலையுற?" என்று சீனியர் அண்ணன் ஒருவர் கேட்டார். கைப்பேசியில் ஒரு பட்டியலின் படமும் அனுப்பினார். அதை வைத்து வேலையைக் குறைக்கலாமே என்று எனக்கும் ஆசைதான். எங்கள் நூலக அக்காதான் நிறுத்தினார்.

அவர் சொன்ன கதையை நானும் தேடிப் படித்தேன். பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2017ல் ஏற்கப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களில் 1009ஐ எடுத்து பூஷண் பட்வர்தனும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தார்கள். 88 சதவீதத்துக்கு மேல் தரம் குறைந்தவையாக இருக்கக்கூடும் என்று 2018 மார்ச்சில் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு மே மாதம் மானியக் குழு 4305 இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு 2019ல் 'கேர்' என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டு, இதழை எப்படி எடைபோடுவது என்பதற்கு அளவுகோல்களை மட்டும் கொடுத்து, தேர்வு செய்யும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள். அண்ணன் அனுப்பிய படம் எந்தக் காலத்துப் பட்டியல் என்று அவருக்கே தெரியவில்லை.

வெளிநாட்டிலும் இதே பாடுதான். 2013ல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் போஹனன் வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த ஒரு பொய்க் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அதைப் படித்த பிறகு, 'வெளிநாட்டு இதழ்' என்ற சொல்லுக்கு நான் கொடுத்துவந்த மதிப்பெண்ணை எடுத்துவிட்டேன்.

மறுபடி தேடியது

நான்காவது வாரம் தேடலை முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை சொற்களை முதலில் நோட்டில் எழுதினேன். தேற்றாங்கொட்டைக்கு வட இந்திய ஆய்வாளர்கள் 'நிர்மலி' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'கிளியரிங் நட்'. தாவரவியல் பெயர் ஸ்ட்ரிக்னோஸ் பொட்டடோரம். ஒரு பெயரைப் போட்டால் மற்ற பெயரில் எழுதியவை பாதி வரவில்லை. மூன்றையும் தனித்தனி மேற்கோள் குறிக்குள் போட்டு, நடுவே ஆங்கிலத்தின் 'ஆர்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதித் தேடினால் மூன்றும் சேர்ந்து வந்தன. 'ஸ்ட்ரிக்னோஸ்' என்று மட்டும் போடாதீர்கள். எட்டி மரமும் அதே பேரினம்தான், எட்டிக்காய் விஷம் பற்றிய கட்டுரைகள் வெள்ளமாக வந்து மூழ்கடிக்கும். முருங்கைக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'மொரிங்கா' என்ற பேரினப் பெயரே நம் முருங்கையிலிருந்து போனது என்பதால் உலகம் முழுக்க அதே பெயரில்தான் எழுதுகிறார்கள்.

அடுத்து, சொற்களால் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, தேறிய ஏழு கட்டுரைகளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்திலிருந்து 1995ல் 'வாட்டர் ரிசர்ச்' இதழில் வந்த ஒரு கட்டுரை அவற்றில் ஒன்று. முருங்கை விதையில் கலங்கலைத் திரட்டி இறக்குவது நேர்மின்னேற்றமுள்ள ஒரு புரதம் என்று அதில் கண்டிருந்தார்கள். அதன் நூற்பட்டியலில் பின்னோக்கிப் போனேன். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே உள்ள 'சைட்டெட் பை' இணைப்பை அழுத்தி முன்னோக்கிப் போனேன். ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்துவிட்டால், அதுவே தன் சொந்தக்காரர்களை எல்லாம் அறிமுகம் செய்து வைக்கிறது. இந்த வழியில் நான்கு கட்டுரைகள் புதிதாகச் சேர்ந்தன. நான்கும் என் புராஜெக்டின் போக்கையே மாற்றின.

ஒன்று, 1994ல் 'கார்போஹைட்ரேட் ரிசர்ச்' இதழில் வந்தது. தேற்றாங்கொட்டையில் தெளியவைக்கும் வேலையைச் செய்கிற பல்சர்க்கரைகளைப் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டிருக்கிறார்கள். முருங்கையில் புரதம், தேற்றாவில் பல்சர்க்கரை. இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று முன்னுரையில் எழுதியிருந்தேன். அடித்தேன்.

இரண்டாவது, அதே ஷெர்ப்ரூக் குழு 1998ல் 'வாட்டர் ரிசர்ச்' இதழில் எழுதியது. முருங்கை விதைச் சாற்றால் தெளிந்த தண்ணீரில் கரிமப் பொருள் கூடிவிடுகிறது, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறுகின்றன என்று அளந்து காட்டியிருந்தார்கள். விதையை இடித்து அப்படியே போட்டால் அதன் மற்றச் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கத்தானே செய்யும்.

மூன்றாவது, 2005ல் 'ஜர்னல் ஆஃப் வாட்டர் அண்ட் ஹெல்த்' இதழில் பாபுவும் சௌத்ரியும் எழுதியது. தேற்றா, முருங்கை இரண்டையும் வைத்து வடிகட்டிப் பார்த்திருக்கிறார்கள். 15 முதல் 25 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு) கலங்கல் இருந்த தண்ணீர் 0.3 முதல் 1.5க்கு இறங்கியது, கிருமிகளும் நன்றாகக் குறைந்தன. ஆனாலும், வயிற்று நோய் பரவும் காலத்தில் கூடுதலாகக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், இல்லையென்றால் காய்ச்ச வேண்டும் என்று சுருக்கத்திலேயே எழுதிவிட்டார்கள்.

என்னிடம் இருந்த ஐந்து போலி இதழ்க் கட்டுரைகளையும் இதோடு வைத்துப் படித்தேன். ஐந்திலும் 'ஆனாலும்' என்ற சொல்லே இல்லை. விதை போட்டார்கள், தெளிந்தது, குடிக்கலாம், முடிந்தது. மதிப்பாய்வாளர் ஒருவர் 'குடிக்கலாம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தால் அந்த வரி அங்கே நின்றிருக்காது. குடிக்கிற தண்ணீர் விஷயம் இது. அந்த ஐந்தில் ஒன்றை நம்பி யாராவது ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் என்னாவது என்று எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

இல்லாமல் போன இதழ்

நான்காவது கட்டுரை கொஞ்சம் சிரமப்படுத்தியது. மேட்சன், ஷ்லுண்ட், ஓமர் மூவரும் 1987ல் எழுதியது, முருங்கை விதை பாக்டீரியாக்களை என்ன செய்கிறது என்பது பற்றி. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாக்டீரியா 90 முதல் 99.99 சதவீதம் குறைகிறது, அவை சாகவில்லை, வண்டலோடு அடியில் போய்ச் சேர்கின்றன. 24 மணி நேரத்துக்குள் சில வகைகள் மேலே தெளிந்த நீரில் மறுபடி பெருகுகின்றன. எனக்கு மிகவும் தேவையான கட்டுரை.

இதழின் பெயர் 'ஜர்னல் ஆஃப் டிராபிகல் மெடிசின் அண்ட் ஹைஜீன்'. தளத்தைத் தேடினால் இல்லை. தளமே இல்லாத இதழ் என்றதும், இதுவும் போலிதானோ என்று சந்தேகப்பட்டு ஓரம் வைத்துவிட்டேன். நூலக அக்கா அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலைத் திறந்து காட்டினார். ஓர் இதழ் எப்போது தொடங்கியது, எதோடு சேர்ந்தது என்று அதில் குலவரலாறு மாதிரி இருக்கிறது. இந்த இதழ் 1996ல் மற்ற சில இதழ்களோடு இணைந்து 'டிராபிகல் மெடிசின் அண்ட் இன்டர்நேஷனல் ஹெல்த்' என்ற பெயரில் இன்றும் வருகிறது. கட்டுரை பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்திலும் பதிவாகியிருந்தது.

பழைய கட்டுரைகளுக்கு இன்றைய அளவுகோலை அப்படியே வைக்க முடியாது என்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 'நேச்சர்' இதழே 1973இலிருந்துதான் எல்லாக் கட்டுரைகளையும் மதிப்பாய்வுக்கு அனுப்பத் தொடங்கியது. அதனால் பழைய இதழ் என்றால், அந்தக் காலத்து அச்சுப் பிரதியின் உள்ளட்டையில் ஆசிரியர்களுக்கான குறிப்பைத் தேட வேண்டும், பின்னால் வந்தவர்கள் அந்த முடிவைச் சோதித்துப் பார்த்தார்களா என்றும் பார்க்க வேண்டும்.

முழுக் கட்டுரை கைக்கு வந்தது

சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டாதே என்று சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்களுடையது அரசுக் கல்லூரி. அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிடும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்று, 2025 ஜனவரியில் தொடங்கினார்கள். மூன்றாண்டுக்கு 6000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. எங்கள் நூலகக் கணினியிலிருந்து 'வாட்டர் ரிசர்ச்' கட்டுரைகள் இரண்டும் திறந்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. எனக்கு முன்னால் படித்த அக்காமார்கள் ஒரு கட்டுரைக்காகச் சென்னைக்கு பஸ் ஏறியதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் கல்லூரி இந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேட்டுவிட்டு மற்ற வழிகளைப் பாருங்கள்.

2005 கட்டுரை இலவசமாகவே கிடைத்தது. ஒன்று எங்கும் கிடைக்காமல் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பினேன், நான்கு நாளில் கோப்பு வந்தது. 'அன்பேவால்' என்ற இலவச நீட்சியை உலாவியில் போட்டுக்கொண்டால், சட்டப்படி திறந்திருக்கும் பிரதி எங்காவது இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும்.

இடையில் வகுப்புத் தோழி ஒருத்தி, செயற்கை அறிவு உரையாடிச் செயலி ஒன்றிடம் கேட்டால் நொடியில் பட்டியல் தருகிறது என்று பத்து மேற்கோள்கள் கொண்டுவந்தாள். ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம், டி.ஓ.ஐ. எல்லாம் இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொரு டி.ஓ.ஐ. எண்ணையும் போட்டுப் பார்த்தோம். மூன்று சரி. இரண்டு திறக்கவே இல்லை. ஐந்து வேறு கட்டுரைக்குப் போயின. அதில் ஒன்று மீன் வளர்ப்பு. அந்த ஐந்தின் தலைப்புகளை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினோம். அப்படி ஒரு கட்டுரை உலகத்திலேயே இல்லை. அவள் அதை அன்று மாலை சாரிடம் கொடுக்க இருந்தாள்.

கடைசியாக, இருந்த 11 கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டவையா என்று பார்த்தேன். மதிப்பாய்வைத் தாண்டி வெளிவந்த பிறகும் தவறு தெரிந்து கட்டுரையை இதழ் திரும்பப் பெறுவது உண்டு. அப்படித் திரும்பப் பெற்றவற்றைப் பதிந்து வைக்கும் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தரவுத்தளத்தை 2023ல், டி.ஓ.ஐ. எண்களைப் பதிகிற கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டதால் இது அரை மணி நேர வேலைதான். பதினொன்றும் நின்றன.

சோதனைச்சாலைக்குப் போனபோது

ஆறாவது வாரம் சாரிடம் போனபோது 26 கட்டுரைகளுக்குப் பதில் 11 கட்டுரைகளும் நோட்டும் இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் இதழ், எண், தேதிகள், எங்கே சரிபார்த்தேன், எந்த நாளில் என்று எழுதியிருந்தேன். சார் நோட்டைத்தான் முதலில் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "இதையே பின்னிணைப்பா சேர்த்துடு" என்றார்.

சோதனைத் திட்டமும் மாறியது. கலங்கலை மட்டும் ஒரு மணி நேரத்தில் அளப்பதாக இருந்தேன். இப்போது 1987 கட்டுரையால் 24 மணி நேரம் கழித்தும் பாக்டீரியா எண்ணிக்கை எடுக்கிறோம், அதற்கு நுண்ணுயிரியல் துறையில் உதவி கேட்டிருக்கிறோம். முருங்கைக்குக் கண்டதைத் தேற்றாவுக்கும் அப்படியே சொல்ல முடியாது என்பதால் இரண்டையும் தனித்தனியாக. 1998 கட்டுரையால் கரிமப் பொருள் அளவீடும் சேர்ந்தது.

கலித்தொகைப் பாட்டு ஒன்றில் தேற்றா விதையால் கலங்கிய நீர் தெளிவது உவமையாக வருகிறது. அதை முன்னுரையில் வைக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா. இவ்வளவு காலமா நம்ம ஆளுங்க செஞ்சிருக்காங்கங்கறதுக்கு அது சான்று. எத்தனை கிராம் போடணுங்கறதுக்குச் சான்று இல்ல," என்றார். ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் 24 மணி நேர விஷயத்தைச் சொன்னேன். "தெளிஞ்ச தண்ணிய யாரு மறுநாளைக்கு வைப்பா? சாயந்தரம் கவுத்திப்புட்டுப் பானைய காய வைக்கணும்த்தா," என்றார். அதை நேர்காணல் குறிப்பு என்று தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு கட்டுரை மட்டும் பாக்கி. திரிபாதி, சௌத்ரி, போகில் மூவரும் நிர்மலி விதை பற்றி 1976ல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் என்விரான்மென்டல் ஹெல்த்' இதழில் எழுதியது. நாக்பூரில் உள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட இதழ் அது. தேற்றாங்கொட்டை பற்றி எழுதுகிற பலரும் அதைக் காட்டுகிறார்கள், நான் இணையத்தில் தேடிய இடத்தில் எங்கும் முழுப் பிரதி கிடைக்கவில்லை. மற்றவர் கட்டுரையிலிருந்து எடுத்து, நானே படித்தது போல எழுதிவிட மனம் வரவில்லை. நூலக அக்கா நகல் கேட்டு எழுதியிருக்கிறார். அது வரும்வரை என் இரண்டாம் அத்தியாயத்தில் அந்த ஒரு வரி பென்சிலில்தான் இருக்கிறது.